எண்ணெய்ச் சட்டி

— வாசிக்கிறேன், கேளுங்க மதினி. ஒண்ணு, வேகவச்ச நெலக்கடலை. ரெண்டு, சக்கரவள்ளிக் கெழங்கு. மூணு, பூரணக் கொழுக்கட்டை. நாலு, சிறுமல வாழப்பழம். அஞ்சு, சுக்குக் காப்பி. இம்புட்டுத்தான். சரியா வருமான்னுதான் தெரியல.

— ஏன் ராயப்பு, நாளமறுநா கிறிஸ்மசுக்கு ஆளுகளக் கூப்பிட்டிருக்கோமா, காச்சக்காரங்களக் கூப்பிட்டிருக்கோமா? முறுக்கு எங்க? அதிரசம் எங்க?

— பன்னெண்டு பேருதான வாராங்க. சுருக்கமா இருக்கட்டும்னு பாத்தேன்.

— போன வருசம் ஒங்கண்ணன் பட்டாளத்துல இருந்து லீவுல வந்தப்பவும் அதே பன்னெண்டு பேருதான். தெரு முக்கு வரைக்கும் மணந்துச்சு. இந்த வருசமும் வந்தாலும் வருவாரு. சீனாக்காரனோட சண்ட நின்னுதான் ஒரு மாசமாச்சே.

— ஆமா, நின்னுருச்சு.

— அப்ப அதிரசத்த எழுது.

— அதிரச மாவு ரெண்டு நாளாச்சும் இருக்கணுமே மதினி. இனி நாளு பத்தாது.

— முந்தாநாளே பாகு காச்சிப் பெசஞ்சு வச்சுட்டேன். அந்தப் பானையத் தொறந்து பாரு.

— ஓ.

— என்னப்பா ஓ? இந்நேரம் எச்சி ஊறணுமே ஒனக்கு. சரி, உளுந்து எம்புட்டு ஊறப்போட? வடைக்கு.

— வடை ஆறிப்போனா நல்லா இருக்காது.

— ஆறவிட்டாத்தான? சுடச்சுடப் போட்டுக் குடுப்பேன். அடுப்புக்கிட்ட நிக்கப் போறது நானா, நீயா?

— ஒங்களுக்கு இருமல் வேற இருக்கு. எண்ணெய்ப் பொக ஆகாது.

— சுருட்டுக் கம்பெனியில நாள் பூரா பொகையிலத் தூசியில உக்காந்து சுருட்டு சுத்துறவள இந்தப் பொகதான் கொல்லப் போகுதாக்கும். சரிப்பா, தோசையாவது ஊத்தலாமா?

— இட்லியா அவிச்சுருவோமே.

— அந்த நோட்ட இங்கன குடு.

— கிறுக்கலா இருக்கும் மதினி.

— நீ சாயங்கால கிளாசுல படிச்சிட்டு வந்து எனக்கும் எழுத்துக் கூட்டச் சொல்லிக் குடுத்தியே, அது எதுக்கு? குடு. கடலை, அவிச்சது. கெழங்கு, அவிச்சது. கொழுக்கட்ட, அவிச்சது. இங்கன முறுக்குன்னு எழுதி அடிச்சிருக்க. வடைன்னு எழுதி அடிச்சிருக்க. மறுபடி முறுக்குன்னு எழுதியிருக்க, மறுபடி அடிச்சிருக்க. ராயப்பு, எண்ணெய்ச் சட்டி வைக்கிற பண்டம் ஒண்ணு கூட இதுல இல்லியே.

— அது தற்செயலா அமஞ்சது.

— ஒங்கம்மா தவறுன வருசம் இப்பிடித்தான் இருந்துச்சு. எழவு விழுந்த வீட்டுல வருசம் திரும்புற வரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது மதினி, அக்கம்பக்கத்துல சுட்டுத் தந்தாத்தான் பலகாரம்னு சொன்னது நீதான். நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசு. பக்கத்து வீட்டு ஜெய்தூனக்கா தட்டுத் தட்டாக் கொண்டாந்து குடுத்தாங்க.

— மதினி.

— கடுதாசி வந்துச்சா?

— உக்காருங்க.

— நின்னுக்கிட்டே கேக்குறேன். எப்ப வந்துச்சு?

— பதினோரு நாளாச்சு. தபால்காரரு பூட்டுப் பட்டறைக்கே வந்து எங்கையில குடுத்தாரு. பூராவும் இங்கிலீசு. நமக்குத் தப்பாப் புரிஞ்சிருக்கும்னு அகராதிய வச்சு ஒவ்வொரு வார்த்தையா நோட்டுல எழுதி அர்த்தம் பாத்தேன். மூணு தடவ பாத்தேன். மூணு தடவையும் அதேதான் வந்துச்சு. அப்பவும் சந்தேகம் தீரல. கிளாஸ் வாத்தியாருகிட்டக் காட்டுனேன். அவரு நாற்காலிய விட்டு எந்திரிச்சு எந்தோளப் புடிச்சாரு. அப்பத்தான் நாஞ் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்னு தெரிஞ்சுச்சு.

— என்னைக்காம்?

— நவம்பர் பதினெட்டு. ஏதோ ஒரு மலையில.

— அன்னைக்கு நான் என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?

— நானும் தெனமும் எழுதுற நோட்டப் பெரட்டிப் பாத்தேன். ஞாயித்துக்கெழம. பூசைக்குப் போயிட்டு வந்து கறி எடுத்திருக்கோம். ‘மதினிக்குப் பல்வலி, மத்தியானம் தூங்கினார்’னு எழுதியிருக்கு.

— தூங்குனேனா.

— எனக்கு எழுதத் தெரிஞ்சது அம்புட்டுத்தான் மதினி.

— தந்தியில்ல வரும்பாங்க? சாணார்பட்டியில சண்டையில செத்த அந்தப் பையன் வீட்டுக்குத் தந்திதான வந்துச்சு. நமக்கு எங்க தந்தி வந்துச்சு? அதனால இது வேற யாரோவா இருக்கும், ராயப்பு. வேற சூசமாணிக்கமா இருக்கும்.

— கடுதாசியிலயும் முன்னாடியே தந்தி குடுத்திருக்கோம்னு இருக்கு. நமக்கு வரவே இல்லியேன்னு நானும் அத ஒண்ணத்தான் புடிச்சுக்கிட்டுத் தொங்குனேன். பொறவு பட்டாள நம்பரப் பாத்தேன். அண்ணன் நம்பரு.

— இம்புட்டு நாளும் எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சோறு தின்னுருக்க.

— திங்கல மதினி. பெசஞ்சு வச்சிட்டு எந்திரிச்சிருக்கேன். நீங்கதான் தட்டக் கழுவுறீங்க, கேக்கப் போறீங்க கேக்கப் போறீங்கன்னு தெனமும் பயந்தேன்.

— பட்டறையில வயிறாரத் தின்னுட்டு வாறன்னு நெனச்சேன் பாரு. ஏன் எங்கிட்டச் சொல்லல?

— அப்பாவுக்காகத்தான். ஆடி மாசம் நெஞ்சு வலி வந்தப்ப டாக்டரு சொன்னது ஒங்களுக்கும் தெரியுமே, திடுக்குன்னு எதையும் சொல்லிறக் கூடாதுன்னு. ஒங்களுக்குச் சொன்னா ஒங்க மூஞ்சி அவருக்குச் சொல்லிரும். அவரோ இந்த வருசம் கூட்டத்த விடவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. வேட்டியக் கட்டிக்கிட்டு அவரே வீடு வீடாப் போயிக் கூப்பிட்டாரு. சரி, கிறிஸ்மஸ் முடியட்டும், அது வரைக்கும் ஒங்களச் சட்டி மட்டும் வைக்கவிடாம ஓட்டிரலாம்னு பாத்தேன்.

— ஓட்டுன லச்சணந்தான் தெரியுதே.

— நான் எதையும் உருப்படியாச் செஞ்சதில்ல மதினி.

— மாமா இப்ப எங்க?

— கோயில்ல. இந்த மாசம் பொறந்ததுல இருந்து ஒரு நாக்கூட காலப் பூசைய விடல. பூசை முடிஞ்சும் அங்கனயே உக்காந்திருக்காரு. அண்ணன் வரணும்னு வேண்டிக்கிறாரு போல.

— பாவம் மனுசன். இந்தப் பட்டியல அவரு ஒரு தரம் பாத்தாப் போதும், தெரிஞ்சுக்கிருவாரு. நானே கண்டுபுடிச்சேன்ல?

— அப்ப என்ன செய்யிறது?

— சட்டி வைக்கிறேன்.

— வேணாம் மதினி. ஒங்க கையால அது கூடாது.

— எங்கையாலதான். அதிரசம், முறுக்கு, வடை, மூணும். இன்னும் ரெண்டு நாளைக்காவது அந்த மனுசன் மகன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத் திங்கட்டும். பாவம்னா எந்தலையில விடியட்டும்.

— செத்த நேரம் அழுதுருங்க. நான் வெளிய போய் நிக்கிறேன்.

— கண்ணு வீங்குனா மாமா கேப்பாரு. அழுகுறதுக்கு என்ன, வருசம் பூரா கெடக்கு. நம்ம முறுக்குப் புழியிற உழக்குல தட்டு ஒடஞ்சு போச்சு. ஜெய்தூனக்காட்ட வாங்கணும்.

— நான் போய் வாங்கியாறேன்.

— நீ போனா ஒம் மூஞ்சியே ஒப்பாரி வச்சுரும். இந்தச் செவுத்துக்கு மேலயே கேக்குறேன். ஜெய்தூனக்கா. அக்கோவ்.

— என்னா சவேரி? மாவு சலிச்சுக்கிட்டு இருக்கேன் புள்ள.

— முறுக்கு உழக்கக் குடுங்கக்கா. நாளைக்குத் தந்துர்றேன்.

— உழக்கா? அது இல்லியே புள்ள.

— அந்தா முறத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்களே.

— இது எனக்கு வேணும்டி. ஒங்களுக்கும் சேத்து நானே சுட்டுத் தாரேன். முறுக்கு, அதிரசம் எல்லாந்தான். நீ சும்மா இரு. ஒங்க அடுப்புல சட்டி வைக்காத.

— எங்களுக்கு நீங்க எதுக்கக்கா சுடணும்?

— ஒனக்குத்தான் இருமலாச்சே. அதான்.

— அக்கா, என்னப் பாத்துச் சொல்லுங்க. எங்க வீட்டுக்கு நீங்க பலகாரம் சுடுறது எதுக்கு?

— யா அல்லா. என்னப் போயி கேக்குறியே. சொல்லமாட்டேன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் புள்ள.

— யாருக்கு?

— ஒங்க மாமாவுக்குத்தான். இந்த மாசம் ஒண்ணாந் தேதி, நீ கம்பெனிக்குப் போயிருந்த, தம்பி பட்டறையில. வந்த தந்திய எடுத்துக்கிட்டு நேரா இங்கனதான் வந்தாரு. எங்க வீட்டுக்காரரு வாசிச்சுச் சொன்னாரு. பொறவு அத நாலா மடிச்சு மடியில செருகிக்கிட்டு, ‘ஜெய்தூனு, அதுக ரெண்டும் தாங்காதுக, கிறிஸ்மஸ் வரைக்குமாச்சும் சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும், எம் மருமக கையால மட்டும் சட்டி வைக்க விட்றாத’ன்னாரு.