ஏர்லின் மேல் விழுந்த மரம்

ஈர டென்ட்டைச் சுருட்டிப் பையில் வைக்கக் கூடாது. பூஞ்சை பிடித்துவிடும். அதனால்தான் சேனாபதி உங்கள் அலுவலக வாசலில், கார் நிறுத்தும் இடத்தில், அதை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டதற்கு நன்றி. காபிக்கும் நன்றி.

ஏர்லைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஊர்க் காட்டில் டென்ட்டுக்குள் படுத்திருந்த ஏர்ல் என்ற பெரியவர், மரம் விழுந்து இறந்துபோனார், அவரைப் புதைத்த இடம் எது என்று என் நண்பன் உங்களிடம் வந்து விசாரித்தான். அப்படி ஒரு சாவு உங்கள் பதிவில் இல்லை. ஷெரிஃப் அலுவலகத்துக்குக் கவலை வருவது நியாயம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது நான் தரையைப் பார்த்ததை நீங்கள் கவனித்ததும், என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டதும் நியாயம். பதிவில் இல்லாததற்கு நான்தான் காரணம்.

என் பெயர் கிருபைராஜ். கலிஃபோர்னியாவில், குபெர்டினோவில் இருக்கிறேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சேனாபதிக்கு வீடு லிவர்மோரில். கல்யாணத்துக்கு முன்னால் நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அந்தக் காலத்தில் ரைஸ் குக்கர், பழைய கார், பெண் பார்க்கப் போட்டுக்கொண்டு போக வேண்டிய சட்டை என்று எதையும் என்னைக் கேட்காமல் அவன் வாங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

ஒரு நாள் அவன் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில், கையில் பிரியாணித் தட்டோடு என்னிடம் வந்தான்.

"கிருபா, நாம ரெண்டு பேரும் சைக்கிள்லயே ஆரிகன் வரைக்கும் போலாம்டா. மலை வந்தா சைக்கிள லாக் பண்ணிட்டு பேக்பேக்கிங், முதுகுல பையோட நடை. ஒரே டென்ட், ரெண்டுக்கும் யூஸ் பண்ணிக்கலாம்."

"நீ முதல்ல டென்ட்ட செலக்ட் பண்ணுடா. பண்ண மறுநாள் நான் ரெடி."

அவன் மனைவி வள்ளி சிரித்தாள். "அண்ணா, ரொம்ப சேஃபா ப்ராமிஸ் பண்றீங்க."

அவள் சொன்னது சரி. மகள் டேகேரில் இருந்தபோது மினிவேன் தேட ஆரம்பித்தவன், அவள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அதை வாங்கினான். எனக்கோ மேடு ஏறினால் மூச்சு வாங்கும். தரையில் படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆனால் இந்த முறை அவன் வேகமாகத் தேடினான். எடை குறைவாக இருக்க வேண்டும், அடிபட்டாலும் தாங்க வேண்டும் என்று இரண்டே நிபந்தனைகள். நான் தடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் இணைய விமர்சனங்களில் ஒரு நட்சத்திரம் கொடுத்தவன் எழுதியதைத்தான் முதலில் படிப்போம். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவனைக் கடைக்காரனின் மச்சான் என்று நினைப்போம். அதனால் சைக்கிள் பயணக்காரர்கள் கூடும் ஓர் இணையதளத்தில், ஒரு நட்சத்திரம் கொடுக்கும் மனிதர் ஒருவரை உருவாக்கினேன். அவர்தான் ஏர்ல். ஓய்வு பெற்ற மரம் வெட்டி. மனைவி இல்லை. ஒரு நாய் உண்டு. ஊர் வேண்டுமே என்று ஆரிகன் மேப்பில் பார்த்தேன். உங்கள் ஊர்ப் பெயர்தான் இருப்பதிலேயே சிறிய எழுத்தில் இருந்தது.

சேனாபதி முதலில் பிடித்தது மிக லேசான டென்ட். நடப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கோலை நட்டுத்தான் அதை நிறுத்த முடியும். 'சைக்கிள்காரன் எதை நடுவான், காற்றடிக்கும் பம்ப்பையா?' என்று ஏர்ல் கேட்டார். அடுத்ததற்குச் சொந்தக் கம்பிகள் இருந்தன. மடித்தாலும் ஹேண்டில்பாருக்கு நடுவில் அடங்காத நீளம், முட்டியில் இடிக்கும் என்றார். அதற்கடுத்ததன் தரைத்துணி பைன் காய் குத்தினாலே ஓட்டையாகிவிடும். இன்னொன்று ஒற்றைத் துணி, விடியும்போது நம் மூச்சே நம் மேல் சொட்டும். இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பொய்யான குறை எழுதி நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

சேனாபதி ஏர்லுக்குத் தனியாக எழுத ஆரம்பித்தான். முதலில் கம்பியைப் பற்றி. பிறகு மேனேஜரைப் பற்றி. பிறகு மகள் இவன் தமிழில் பேசினால் "ஓகே டாட்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதைப் பற்றி. எல்லாவற்றுக்கும் ஏர்ல் பொறுமையாகப் பதில் எழுதினார். நல்ல பதில்கள். அதே பதிலை நான் ஃபோனில் சொன்னால், "இல்லடா, ஏர்ல் இத இன்னும் ஆழமா சொன்னார்" என்பான்.

ரைஸ் குக்கர் பழுதானபோது புதிதாக எதை வாங்கலாம் என்று ஏர்லைக் கேட்டான். ஆரிகன் மரம் வெட்டிக்கு ரைஸ் குக்கரைப் பற்றி என்ன தெரியும் என்று நான் வருத்தப்பட்டதாக நினைக்க வேண்டாம். ஒரு தகவலாகச் சொல்கிறேன்.

கடைசியில் அவன் ஒரு டென்ட்டைக் கண்டுபிடித்துவிட்டான். இரட்டைத் துணி, குட்டையான கம்பி, கெட்டியான தரை, எடையும் குறைவு. வெளியே காய்கிறதே, அதுதான். என் தொழில் தெரிந்த அளவுக்குத் தேடினேன். குறை அகப்படவில்லை. அப்போதுதான் ஏர்லுக்கு அவனிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது.

'என் நண்பன் கிருபா நல்லவன். ஆனால் அவனுக்கு இதில் விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டிருக்கிறான், அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம். இந்த டென்ட்டில் இரண்டு பேர் படுக்கலாம். நீங்கள் என்னோடு வருவீர்களா?'

மதிய உணவு நேரத்தில், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படித்தேன். பிறகு ஒரு மீட்டிங் இருந்தது. மீட்டிங் முடிந்து வந்து ஏர்லைக் கொன்றேன்.

அவருடைய அண்ணன் மகள் எழுதுவதாக எழுதினேன். சித்தப்பா அதே ரக டென்ட்டில்தான் படுத்திருந்தார், மரம் விழுந்துவிட்டது என்று. சேனாபதி பயந்து அந்த டென்ட்டை விட்டுவிடுவான் என்பது கணக்கு. ஆனால் மரம் விழுந்தால் டென்ட் என்ன ஆகும் என்று நேர்மையாக யோசித்தேன். கம்பி வளையும். அந்தத் துணி கிழியாது. எனவே 'கம்பி வளைந்தது, துணி கிழியவில்லை' என்று எழுதினேன். ஒரு சாவைப் பற்றிப் பொய் சொல்லலாம். துணியைப் பற்றிச் சொல்லக் கூடாது.

சேனாபதி அழுதுகொண்டே ஃபோன் செய்தான்.

"மரமே விழுந்திருக்கு, துணி கிழியலடா. சாகும்போதும் ரிவ்யூ குடுத்துட்டுப் போயிருக்கார் மனுஷன்."

அன்றைக்கே டென்ட்டை வாங்கிவிட்டான். பிறகு, "அந்த நாய் என்னடா ஆச்சு?" என்றான். எனக்கு நாய் நினைவே இல்லை. அண்ணன் மகளை மறுபடி எழுத வைத்து, நாய் அவளிடம் சௌக்கியமாக இருப்பதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

லிவர்மோர் கோயிலில் ஏர்லுக்காக மோட்ச தீபம் ஏற்றினான். நான் தேவாலயத்துக்குப் போகிறவன், இருந்தாலும் துணைக்கு நின்றேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார்.

"ஏர்லுக்கு என்ன நட்சத்திரம்டா இருக்கும்?" என்று என் காதில் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா குடுப்பாரு," என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சொன்னான். "அவர் ஊருக்கு சைக்கிள்ல போய் ஒரு பூ வெச்சுட்டு வரணும். நீ வர வேணாம் கிருபா. உன்னால முடியாது, எனக்குத் தெரியும்."

"நான் வர்றேன்," என்றேன்.

என் மனைவி ஜெயலீலாவுக்குப் புரியவில்லை. "சோஃபாலேர்ந்து எந்திரிக்கவே உங்களுக்கு ஒரு கை குடுக்கணும். முன்னப்பின்ன தெரியாத ஏர்லுக்காக சைக்கிள்லயா?"

வந்துவிட்டேன். மேடுகளில் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் வந்தேன். அவன் மேலே நின்று காத்திருந்தான். டென்ட்டில் படுத்துக்கொண்டு ஏர்ல் எழுதிய வேடிக்கைகளை எனக்குச் சொல்வான். எல்லாம் நான் எழுதியவை. எல்லாவற்றுக்கும் சிரித்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லி முடித்துவிட்டு, "அந்த மாதிரி ஃப்ரெண்ட் இனிமே கிடைக்க மாட்டான்டா," என்று மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

நீங்கள் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை என்று பேனாவை மூடிவிட்டீர்கள். அப்படியே விட்டிருக்கலாம். இல்லாத மனிதர்தானே, முட்டி வலி, வர முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதாதா, எதற்காகக் கொன்றாய் என்று கேட்கிறீர்கள். முட்டி வலி என்றால் சேனாபதி காத்திருந்திருப்பான். குணமாகும் வரை தினமும் விசாரித்திருப்பான். அவனை எனக்குத் தெரியும்.

அவனிடம் உண்மையைச் சொல் என்கிறீர்கள். சொன்னால் ஏர்ல் அவனுக்கு இரண்டாவது முறை செத்துப்போவார். கூடவே நானும் போய்விடுவேன். அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்துக்குப் பின்னால், வேலியோரம், ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. அதை அவனுக்குக் காட்டினால் போதும். பூவை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். டென்ட்டும் இதற்குள் காய்ந்திருக்கும்.

பொறாமை என்று மட்டும் நினைக்காதீர்கள். நானே எழுதிய ஆள் மேல் எனக்கு என்ன பொறாமை? அந்த டென்ட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.