செருப்பு இல்லாத வாசல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்ம எலக்ட்ரீஷியனுடைய சின்ன மாமாவுக்கு நடந்தது.

வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணி. ஊரைத் தாண்டி ஆளரவமே இல்லாத சாலை... அதன் கடைசியில் ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலை. மாமா அங்கே மைக் சோதிப்பவர். தனிக்கட்டை, காணோமென்று தேட ஆளில்லை.

சோதனைக்கென்று ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே கத்தினால் குரல் உதட்டோடு செத்துப்போகும். விளக்கின் ரீங்காரம்கூட மைக்கில் விழுமென்று அதையும் வெளியே இருக்கிற சுவிட்சில் அணைத்துவிடுவார்கள். செல்போன் கூடாது. உள்ளே போகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். செருப்பு கிடந்தால் பூட்டக்கூடாது, அதுதான் அங்கே சட்டம்.

மேற்பார்வையாளருக்கு வாசல் சுத்தமாக இருக்க வேண்டும். மாமா உள்ளே சோதனையில் இருக்க, வெளியே கிடந்த அவர் செருப்பைக் காலால் அலமாரிக்கடியில் தள்ளினார். ஐந்து நிமிடம் கழித்து வந்தார், வாசல் காலி, பூட்டினார். கால் செய்தது தலைக்கு எட்டவில்லை, பாவி மனுஷன். மூன்று நாள் விடுமுறை வேறு.

மாமா கதவை உதைத்தார். வாய்க்கு வந்தபடி திட்டினார். எதுவும் திரும்பி வரவில்லை. கையில் ஒரு பாட்டில் தண்ணீர், மூக்கில் பசை நாற்றம். கொஞ்ச நேரத்தில் தன் இதயம் துடிப்பதே கேட்டது... டொப்... டொப். பிறகு இமை மூடுகிற சத்தம். இரவா பகலா தெரியவில்லை.

அப்புறம் ஒரு மூச்சு.

தன்னுடையதுதான் என்று நினைத்தார். மூச்சை அடக்கினார்... அது நிற்கவில்லை. காதோரம் வெதுவெதுப்பாக வந்தது.

"எத்தனை நாளாச்சு?" என்று கேட்டது.

"என்னை வச்சுப் பூட்டினானே, அவனைக் கேளு," என்றார் மாமா.

அதற்குமேல் அது ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கதவு திறந்தது. மன்னிப்பாவது ஒன்றாவது! மாமா நடந்ததைச் சொன்னதும் மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"இருட்டுல சத்தமில்லாம அடைஞ்சு கெடந்தா மூளை இப்படித்தான் கதை கட்டும். உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. நாளையிலேர்ந்து வேலைக்கு வராதீங்க."

வேலையும் போச்சு, பைத்தியக்காரப் பட்டமும் வந்தாச்சு. மாமா அவர் முன்னால் போய் நின்றார்.

"அப்ப நீங்க ஒரு பத்து நிமிஷம் உள்ள இருங்க. வெளக்கு இல்லாம."

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? வீம்புக்குப் போனார். மாமாவே கதவைச் சாத்தினார். கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சரியாகப் பத்தாவது நிமிடம் திறந்தார்.

மேற்பார்வையாளர் கதவடியில் சுருண்டு கிடந்தார். தொண்டை கட்டியிருந்தது.

"மூணு நாளாக் கத்துறேனேய்யா... ஒருத்தனுக்குமா கேக்கல?"

நடிக்கிறார் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. கோபம் தணியாமலே குனிந்து பார்த்தார்.

அன்று காலை வழவழவென்று மழித்துக்கொண்டு வந்த முகம்... அதில் மூன்று நாள் தாடி.