பளபளப்பான வாளி

செம்புக் காசை ஆசிட் தண்ணீரில் போட்டால் அது பேசாமல் கிடக்கும், ஐயா. இரும்பாணியில் மெதுவாகக் குமிழி கிளம்பும். துத்தநாகத் தகடு மட்டும் போட்டவுடனே நுரைத்துக் கரையத் தொடங்கும். தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் நான்; பால் உறைவதற்கு ஆசிட் கலக்குவதும் என் வேலை. அதனால்தான் ஆசிட்டை எப்போதும் சாடியில் வைக்கிறேன், வாளியில் வைப்பதில்லை.

பேச்சியம்மாளை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் காஹாங் தோட்டத்திலிருந்து இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். புருஷனுக்கு அவள் விஷம் வைக்கவில்லை.

அவள் புருஷன் வீரமுத்து மத்தியானமே கள்ளை வாங்கி வந்துவிடுவான். உச்சி வெயிலில் நன்றாகப் புளிக்க விட்டு, பொழுது சாய்ந்த பிறகுதான் குடிப்பான். குடித்ததும் அவளை அடிப்பான். ஒரு நாள் கள்ளுப்பானையையே அவள்மேல் எறிந்து உடைத்தான். மறுவாரம் கள் ஊற்றி வைக்கத் துத்தநாகம் பூசிய புது வாளி ஒன்றை வாங்கி அவனிடம் கொடுத்தேன்.

"மாதா கோயிலுக்கு வராதவனுக்கும் வாளி குடுப்பீங்களா மண்டோரே?" என்று சிரித்தான்.

"மனுஷனுக்கு மனுஷன் செய்யறதுதானே, வீரமுத்து" என்றேன். அது பொய்யில்லை.

புளித்த கள்ளும் ஆசிட் மாதிரிதான், ஐயா. வாளியின் பூச்சு அதில் கரையும், குடித்தவனுக்குக் குமட்டும். நாலு தரம் வாந்தி எடுத்தால் குடியை வெறுத்துவிடுவான் என்று எண்ணினேன். அவனுக்காகத் தினமும் ஜெபமாலை சொன்னேன்.

வாந்தி எடுக்கத் தொடங்கியும் அவன் வாளியைச் சந்தேகப்படவில்லை. பெண்டாட்டியைத்தான் சந்தேகப்பட்டான். லயத்து வீடுகளில் எல்லோரும் அவள் அடுப்பை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். குழாயடியில் பக்கத்து வீட்டுக் காளியம்மா, "என்ன பேச்சி, இன்னிக்கு குழம்புல என்ன மருந்து?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

பேச்சியம்மாள் என்னிடம் வந்து அழுதாள். "முதல்ல என்னைத் தின்னச் சொல்லிட்டுத்தான் அவரு தின்னுறாரு அண்ணே. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அதுக்கும் அடிக்கிறாரு. நான் என்னதான் செய்யறது?"

பொறுத்துக்கொள், நல்ல காலம் வரும் என்றேன். கொஞ்சம் சர்க்கரையும் ஒரு துண்டு சோப்பும் கொடுத்தனுப்பினேன். வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அவன் திருந்தும் வழி அடைபட்டுப் போயிருக்கும்.

வாந்தி எடுத்தும் அவன் குடியை விடவில்லை. கள்ளின் புளிப்பு போதவில்லை போலும். ஸ்டோரிலிருந்து கொஞ்சம் ஆசிட் எடுத்துப் போய், அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் வாளியில் ஊற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மூன்றாம் நாள் அவன் எழுந்திருக்கவில்லை. நீங்கள் வந்து, சோறாக்கியவளைப் பிடித்துக்கொண்டு போனீர்கள்.

வாளி அந்த வீட்டில்தான் இருக்கிறது. வெளிப்பக்கம் இன்னும் பளபளக்கிறது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், அடியில் பூச்சே இருக்காது.

நடந்தது இவ்வளவுதான். அவன் திருந்த வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை.

பேச்சியம்மாளிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், மனம் தாங்க மாட்டாள். நேராக என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். வாளி வாங்கிய வாரமே அவளுக்கென்று பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுப் பாயும் போட்டு வைத்திருக்கிறேன்.