இரும்புத் தொப்பியில் ஒரு தட்டு

— வாயால சொன்னா எனக்குக் கேக்காதுடா தால்சு. டாங்கி கிட்ட வந்துட்டா என் மூச்சே எனக்குக் கேக்காது. நீ குழலுக்குள்ள ராக்கெட்டைத் தள்ளு, அதோட வயரைக் குழல்ல சுத்து, பின்னால நெருப்பு அடிக்கும், பக்கமா ஒதுங்கு, என் தலையில ஓங்கி ஒரு தட்டு. தட்டினாத்தான் சுடுவேன்.

— மத்ததெல்லாம் சரி, சூன்சிக் அண்ணே. தட்டு மட்டும் வேணாம். நீங்க பன்றி வருஷத்துல பிறந்தவரு, நான் எலி வருஷம். ஒரு வயசு மூத்தவர் தலையில கை வைக்கிறதா? எங்கம்மா கேள்விப்பட்டா வீட்டுக்குள்ள சேக்க மாட்டா.

— இரும்புத் தொப்பிதானேடா, தலையா?

— உள்ள இருக்கறது உங்க தலைதானே. வேணும்னா தோளைத் தொடுறேன்.

— தோள்ல குழல் கிடக்கு, நீ தொட்டா எனக்கு உறைக்குமா? பேசாம இரு. வளைவுல டாங்கிக்காரன் வந்துட்டான் பாரு.

— எவ்ளோ பெருசு அண்ணே. போன வாரம் நாம பழைய குழல்ல அடிச்சது கூழாங்கல்லு மாதிரி தெறிச்சுதே.

— இது புதுசு, அதைவிடத் தடிச்சது. விலாவுல குடுத்தா தாங்க மாட்டான். நக்தோங் ஆத்துப் பாலத்துல சனம் மூட்டை முடிச்சோட போய்க்கிட்டிருக்கு, இவனை விட்டா அத்தனையும் ஆத்துலதான். போடு ராக்கெட்டை.

— போட்டாச்சு அண்ணே... அண்ணே, வயரும் சுத்தியாச்சு... தயவு பண்ணிச் சுடுங்க அண்ணே.

— என்னடா பண்றே அங்க? இன்னுமா போடல? விலா தெரியுதுடா, தாண்டப் போறான்.

— மன்னிச்சுக்குங்க அண்ணே!

— அடப்பாவி, பல்லே ஆடிப்போச்சு. சுட்டுட்டேன்.

— பட்டுச்சா? புகையில ஒண்ணும் தெரியலையே.

— பட்டுச்சாவா? மேல் மூடி வயல்ல கிடக்கு பாரு. எரியறான்டா. பின்னால வந்த ரெண்டு டாங்கிக்காரனும் திரும்பி ஓடுறானுங்க. பாலத்துல சனம் சந்தோஷத்துல கத்துறது கேக்குதா? நமக்குத்தான்டா.

— ஜெயிச்சுட்டோம் அண்ணே. ஆனா மூத்தவர் தலையில அடிச்சுட்டேனே. இனிமேலும் முதல் கிண்ணம் சோறு உங்களுக்குத்தான், உங்க குண்டு மூட்டையையும் நானே சுமக்குறேன். குனிஞ்சு கும்பிட்டுக்கிறேன்.

— டேய், எந்திரி. குனியாதே. மூத்தவன் கையிலதான் குழல்னு சார்ஜண்ட் சொன்னாரா, எனக்குச் சுடணும்னு ஒரே ஆசை. வயசைக் கூட்டிச் சொல்லிட்டேன். நான் பன்றி வருஷம் இல்ல, மாட்டு வருஷம்.

— மாடா? எலிக்கு அடுத்த வருஷம்தானே மாடு? அந்தத் தொப்பியைக் கழட்டுடா, தம்பி.