தையல்கார அக்கா வீட்டுத் தீ பற்றி நான் மாற்றிச் சொல்வது

முதல் பக்கத்தில் எழுதியுள்ள பெயருக்கு உரியவன் நான்தான். கடைத்தெருவில் ‘கூலிங்’ என்று கேட்டால்தான் என்னைத் தெரியும். வயது நாற்பத்து மூன்று. சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். அதே கட்டடத்தின் பின்பக்க அறையில் ஃபிரிட்ஜ், வாட்டர் கூலர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி அதே கடையில் மிக்ஸி, ஃபேன் வேலை பார்க்கிறாள். தீப்பிடித்த அன்று மருத்துவமனையில் வைத்துக் காவலர் ஒருவரிடம் நான் ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் சமையல் கேஸ் கசிந்ததாகச் சொன்னேன். அது பொய். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இப்போது பேசவில்லை, நானாகவே நிலையத்துக்கு வந்தேன்.

தையல்கார அக்கா எனக்குச் சொந்தமில்லை. என் மனைவியின் ரவிக்கைகளை அவர்தான் தைப்பார். அந்தப் பழக்கத்தில் அவரை அக்கா என்றும் என்னைத் தம்பி என்றும் கூப்பிட்டுக்கொள்வோம். அவருடைய ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று முந்தின நாள் கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். காலையில் நான் கிளம்பும்போது என் மனைவி ரெகவரி மிஷினை வண்டியில் ஏற்றி வைத்தாள். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸை வெளியே விடாமல் இழுத்துத் தனி சிலிண்டரில் பிடிக்கும் மிஷின் அது. மெக்கானிக் சங்கம் நடத்திய வகுப்புக்கு நாங்கள் இருவருமே போயிருக்கிறோம். கேஸ் கசிந்தால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று நான் அடிக்கடி பெருமை பேசுவது உண்டு. அதற்கு அவள், “உங்க மூக்கு என்ன மீட்டரா? அந்த கேஸுக்கு வாசனையே கிடையாதுன்னு வகுப்புல சொன்னப்ப தூங்கிட்டிருந்தீங்களா?” என்று அன்றைக்கும் கேட்டாள். நான் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்காவின் வீடு மூன்றாவது மாடியில், லிப்ட் இல்லாத கட்டடம். டூல் பாக்ஸையும், குழாயைச் சூடாக்கி ஒட்டும் கேஸ் டார்ச்சையும் தூக்கிக்கொண்டு, மிஷினை வண்டியிலேயே விட்டுவிட்டு ஏறினேன். அதற்குக் காரணம் கேட்டால் சோம்பல் தவிர வேறு காரணம் இல்லை. முன் அறையில் தையல் மிஷின் இருந்தது, சமையலறைத் தரையில் பள்ளிச் சீருடைகள் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. தெருவில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்ததால் வெள்ளைத் துணியில் புழுதி படியும் என்று ஜன்னலை மூடி வைத்திருந்தார். ஃபிரிட்ஜை நகர்த்திப் பின்பக்கம் பார்த்தபோது கம்ப்ரசர் மேல் தீச்சுடர் படம் போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. உள்ளே இருப்பது எரியக்கூடிய கேஸ் என்று அதற்கு அர்த்தம். அதை நான் பார்த்தேன். விரலால் தூசியைத் துடைத்துவிட்டே பார்த்தேன்.

ஃபில்டர் அடைத்திருந்தது. குழாயை வெட்டிப் பழைய ஃபில்டரை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் அடுப்பில் டீ வைத்திருந்தார். நான் சொல்லாமலே அடுப்பை அணைத்து, சிலிண்டரின் ரெகுலேட்டரையும் திருகி மூடினார். மூடிய சத்தம் என் காதில் விழுந்தது. அதன் பிறகு, “ஜன்னலத் திறக்கட்டுமா தம்பி? மூச்சு முட்டுமே” என்று கேட்டார். “வேணாங்க்கா, காத்தடிச்சா டார்ச் நெருப்பு ஆடும்” என்று சொன்னேன். என் வேலையின் வசதிக்காக அப்படிச் சொன்னேன்.

அதன் பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கட்டரால் குழாயை வெட்டினேன். கேஸ் சீறிக்கொண்டு வெளியே வந்தது. சத்தம் நின்றதும் ஒரு அட்டையை எடுத்து இரண்டு முறை விசிறினேன். அந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையில்தான் படியும், கம்ப்ரசர் எண்ணெயில் கரைந்திருக்கும் மிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்ற எண்ணத்தில் புதிய ஃபில்டரைப் பொருத்தினேன். ஃபிரிட்ஜிலிருந்து வழிந்த தண்ணீர் துணி மூட்டையை நனைத்துவிடும் என்று அதை நகர்த்துவதற்காக அக்கா கீழே குனிந்தார். அப்போது நான் டார்ச்சைப் பற்றவைத்தேன்.

வெடிச்சத்தம் பெரிதாக இல்லை. தரையோடு தரையாக நீல நிறத்தில் தீ ஓடியது, போய் மூட்டையைப் பிடித்தது. என் புருவமும் ஒரு முழங்கையும் கருகின. இனிச் சொல்வதை முன்பு யாரிடமும் சொல்லவில்லை. நான் முதலில் என் டூல் பாக்ஸைத்தான் இழுத்தேன். அதை வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அக்கா எரிகிற மூட்டையைக் கையாலேயே அடித்து அணைத்துக்கொண்டிருந்தார். “ஊரார் புள்ளைங்க துணி, ஊரார் புள்ளைங்க துணி” என்று சொல்லிக்கொண்டே அடித்தார். அதன் பிறகுதான் நான் வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன்.

எதிர் வீட்டு வேன் டிரைவர் கம்பளியோடு ஓடி வந்து மிச்சத் தீயை அணைத்தார். “என்னாச்சுங்க, சிலிண்டரா?” என்று என்னைக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். பொய் அங்கேதான் ஆரம்பித்தது. யோசித்துச் செய்யவில்லை. ஆனால் அவர் படியிறங்கும்போது மேலும் கீழும் எல்லோரிடமும் சிலிண்டர் என்று சொல்லிக்கொண்டே போனார், நான் மறுக்கவில்லை. மருத்துவமனையில் காவலர் கேட்டபோது, வீட்டுக்குள் நுழைந்ததுமே சமையல் கேஸ் வாசனை அடித்ததாக ஒரு படி மேலே போய்ச் சொன்னேன். வாசனையை நானாகச் சேர்த்தேன்.

அதன் பிறகு நடந்தவை நான் நேரில் பார்த்தும் கேட்டும் அறிந்தவை. அக்காவுக்கு இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை வெந்துவிட்டன. விரல்கள் அசையும், ஆனால் ஊசி பிடிக்க வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். கட்டடத்து உரிமையாளர், பொறுப்பில்லாமல் அடுப்பைத் திறந்து வைக்கிறவர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அக்காவின் கணவர் பஸ் டிரைவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். அவரே வார்டில் மற்ற நோயாளிகள் பார்க்க, “ஒரு அடுப்ப மூடத் தெரியாதா உனக்கு? வீட்டோட போயிருப்பியேடி” என்று கத்தினார். நான் கட்டிலின் கால்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் வெளியே போனதும் அக்கா என் முழங்கைக் கட்டைப் பார்த்தார். “மன்னிச்சுக்கங்க தம்பி. மூடின மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா தொழில் தெரிஞ்ச நீங்களே வாசன வந்துச்சுன்னு சொல்றப்ப, நான்தான் மறந்திருக்கணும். என்னால உங்களுக்கும் கை வெந்துடுச்சே” என்றார். நான், “பரவால்லக்கா” என்று சொன்னேன். அவரை மன்னித்தவன்போல அந்தச் சொல்லைச் சொன்னேன். சொல்லிவிட்டு வார்டைவிட்டு இறங்கி, வண்டி நிறுத்தும் இடத்தில், வண்டியை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. “மிஷின் வண்டியிலேயே இருந்ததா?” ஆமாம் என்றேன். அவள் கழற்றி வைத்திருந்த ஃபேனைத் திரும்ப மாட்டி முடித்தாள். அதன் பிறகு, “பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க. அந்த ஓரிடம் நம்ம வீடா இருக்கும்னு நான் நெனைக்கல” என்று சொன்னாள். நான், கடை போய்விடும், இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றேன். “கூப்பிட வேணாம். அவங்க முகத்தப் பாத்து நான் எப்படி அளவு ரவிக்கை குடுக்கறது? நான் கூட வரேன். ஆனா பேச மாட்டேன், நீங்கதான் பேசணும்” என்றாள்.

இன்று காலை இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். அக்காவின் கணவர் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நான் ஸ்டிக்கரைப் பார்த்தது, மிஷினைக் கொண்டுவராதது, ஜன்னலைத் திறக்க வேண்டாம் என்றது, டூல் பாக்ஸை இழுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அக்கா என்னிடம், “அப்ப நான் அடுப்ப மூடினேனா?” என்று கேட்டார். மூடினீர்கள், ரெகுலேட்டரையும் மூடினீர்கள், சத்தம் கேட்டது என்றேன். “இன்னொரு தடவ சொல்லுங்க” என்றார். திரும்பவும் சொன்னேன். “ராத்திரியெல்லாம் இந்தக் கைய நானே திட்டிக்கிட்டிருந்தேன்” என்று கணவரிடம் சொன்னார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் மனைவி ஸ்பூனை எடுத்து மிச்சக் கஞ்சியை ஊட்ட ஆரம்பித்தாள். அதற்கு மட்டும் அக்கா வாயைத் திறந்தார். நான் அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

நான் எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்வது. ஸ்டிக்கரைப் பார்த்ததுமே கதவு ஜன்னல்களைத் திறந்து, வீட்டில் இருப்பவர்களையும் எரியக்கூடிய துணியையும் அப்புறப்படுத்தியிருக்க வேண்டும். குழாயை வெட்டுவதற்கு முன் வால்வு மாட்டி, எரியும் கேஸுக்கென்றே செய்த ரெகவரி மிஷினால் கேஸை இழுத்துப் பிடித்து, உள்ளே தங்கியிருப்பதை நைட்ரஜன் விட்டு வெளியேற்றி, தரையோரத்தில் கேஸ் கசிவு காட்டும் மீட்டரை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகும் டார்ச்சைத் தொடாமல், நெருப்பில்லாமல் அழுத்தி இணைக்கும் வளையத்தைப் போட்டிருக்கலாம். அந்த வளையம் என் டூல் பாக்ஸிலேயே இருந்தது.

கட்டடத்து உரிமையாளருக்கும் வேன் டிரைவருக்கும் இந்த வாக்குமூலத்தின் விவரத்தைக் காவல்துறையே தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் படியேறிப் போய்ச் சொல்வேன். ஆனால் நான் சொன்னால் இனி நம்புவார்களா என்று தெரியவில்லை.

நான் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதியதை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். வழக்கமாக எழுதுகிற முறைப்படி ஓரிடத்தில் ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டுத் ‘தெரிந்தே செய்தேன்’ என்று எழுதச் சொன்னேன். இது உங்களுக்குப் பாதகமாகப் போகும், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாக இருக்கிறது. அடித்துத் திருத்திய இடத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)