மூணாவது கம்ப்யூட்டர்

உங்க பின்னாடி இருக்கிற ஃபைல் அலமாரிக்கு இடது பக்கம் கீல் போட்டிருக்காங்க இன்ஸ்பெக்டர் சார். வலது பக்கம் போட்டிருந்தா, திறக்கிறப்பல்லாம் உங்க நாற்காலியில இடிக்காது. தப்பா எடுத்துக்காதீங்க, என் தொழில் அப்படி. ஒரு மரவேலைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சமையலறை அலமாரி வரைஞ்சு குடுக்கிறேன், ஒன்பது வருஷமா. எங்க போனாலும் கண்ணு கதவு, கீல், டிராயர்னுதான் அலையும்.

நேத்து கம்ப்யூட்டர் கடையில நடந்ததைக் கேட்கறீங்க. சொல்லிடறேன், மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா அது நேத்து ஆரம்பிச்ச விஷயம் இல்ல.

எங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. காலையில ஸ்விட்சைப் போட்டுட்டு, குளிச்சு, துணியைக் காயப்போட்டுட்டு வந்தாதான் அது கண்ணைத் திறக்கும். எப்படியோ காலத்தை ஓட்டிட்டிருந்தேன். நாலு மாசம் முன்னாடி கம்பெனி மேனேஜர் ஃபோன் பண்ணாரு. இனிமே எல்லா வரைபடமும் புது சாஃப்ட்வேர்லதான் வரணுமாம். பழைய மெஷின்ல அது ஏறாது. நாலு மாசம் டைம், அதுக்குள்ள நீங்க மாறலைன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுக்கிறதைத் தவிர எனக்கு வழி இல்லம்மான்னாரு. மிரட்டலை, நல்ல மனுஷன். இருந்தாலும் அந்தத் தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சேன். என்னுதுன்னு சொல்லிக்க எனக்கு இருக்கிறது அந்த வேலை ஒண்ணுதான் சார்.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிடறப்போ, புதுசா ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்னு சொன்னேன். சொன்ன இடம்தான் தப்பு. மேஜைக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர், இந்தப் பக்கம், ஞாயிறு தவறாம சாப்பிட வர்ற எங்க அண்ணன்.

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். கழற்றிப் பார்க்க முடியாத எதையும் நம்ப மாட்டாரு. கல்யாணமான மறுநாளே என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாத்துட்டு, பரவாயில்லன்னு திருப்பிக் குடுத்தவரு. அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கான். அவனுக்கு எல்லாம் வழவழன்னு இருக்கணும், திருகாணி கண்ணுல படக் கூடாது. உலகத்துல எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் எங்க வீட்டுல ரெண்டு கட்சிதான் சார். கழற்றலாம், கழற்றக் கூடாது.

"மச்சான், உங்களுது ரிப்பேரானா என்ன பண்ணுவீங்க? எதிர்ல உட்கார்ந்து கும்பிடுவீங்களா?"

"உங்களுது ரிப்பேராகும் மாப்பிள்ளை, அதனாலதானே கழற்றிக்கிட்டே இருக்கீங்க."

இப்படியே எட்டு ஞாயிறு போச்சு. நான் பரிமாறிக்கிட்டே இருந்தேன். ரெண்டு பேரும் நோட்டுப் போட்டு ஒப்பிட்டாங்க. கடைத்தெரு கம்ப்யூட்டர் கடைக்கு நாலு தடவை போனோம். வீட்டுக்காரர் தன் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுப்பாரு. அண்ணன் கைக்குட்டையை எடுத்து, அவர் விரல் பட்ட இடத்தைத் துடைப்பான். கடைக்காரர் பொறுமைசாலி. நாலாவது தடவைதான், கம்ப்யூட்டர் யாருக்கு சார்னு கேட்டாரு. ரெண்டு பேரும் நோட்டைப் புரட்டிப் பாத்தாங்க. நான் அவங்களுக்குப் பின்னாடி பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தேன்.

ஒன்பதாவது ஞாயிறு நான் அதைச் செஞ்சேன். ஒரு வாய் நிம்மதியா சாப்பிடணும்னுதான் ஆசைப்பட்டேன், வேற கெட்ட எண்ணம் கிடையாது. மேஜை ஓரமா அலமாரிக் கீல் வந்த டப்பா ஒண்ணு கிடந்துச்சு. அது மேல பெல்டினான்னு போட்டிருந்துச்சு. "ஏங்க, ரெண்டு பேரும் பெல்டினா பாத்தீங்களா? அதுதான் இப்ப எல்லாத்தையும் விட நல்லா இருக்காமே"ன்னு கேட்டு வெச்சேன்.

முதல்ல எங்க வீட்டுக்காரர்தான் தொண்டையைச் செருமினாரு. "ம், கேள்விப்பட்டிருக்கேன்"னாரு. அண்ணன் விடுவானா? "எங்க கடைக்கு வர்ற டாக்டர் ஒருத்தர் வெச்சிருக்காரு. நான் தொட்டே பாத்திருக்கேன். சத்தமே வராது"ன்னான். கீல் டப்பா அவன் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு சார். நான் ரெண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனா மறுநாள், அது எப்படி இருக்கும், படம் இருக்கான்னு ரெண்டு பேரும் தனித்தனியா ஃபோன் பண்ணிக் கேட்டாங்க. என்கிட்ட அவங்க எதையும் கேட்டதே கிடையாது. அதனால வரைஞ்சேன். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து, குறுக்குவெட்டு, எல்லாம் அளவோட. உண்மையைச் சொன்னா, அது ஒரு வாடிக்கையாளருக்கு நான் வரைஞ்சிருந்த குப்பைத்தொட்டி டிராயர். அதுக்கு ஒரு திரையை மாட்டினேன். மூடி மட்டும் யோசிச்சு வெச்சேன். ஒரு விரலால தள்ளினா சறுக்கித் திறந்துக்கும், ஒரு திருகாணிகூட வெளியே தெரியாது. கழற்றலாம், ஆனா கழற்றின மாதிரி இருக்காது.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேஜையில வீட்டுக்காரர் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் எழுந்து போய் அண்ணனைக் கட்டிப் பிடிச்சாரு. கல்யாணத்துலகூட அவங்க அப்படிக் கட்டிப் பிடிக்கலை.

அண்ணன் படத்தை எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டான். ஒரு வாரத்துல அது எங்கெங்கேயோ போயிடுச்சு. நானும் ஒண்ணு வெச்சிருக்கேன்னு பதினாலு பேர் எழுதினாங்க. அண்ணி தோழி ஒருத்தி, தன்னுது கீழே விழுந்தும் ஒண்ணும் ஆகலைன்னா. கறுப்பு நல்லதா சாம்பல் நல்லதான்னு சண்டை வந்து, ரெண்டு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திட்டாங்க. கறுப்பு சூடாகும்னு ஒரு ஆள் அடிச்சுச் சொன்னாரு. அது தப்பு சார். காத்து போக அடியில நாலு வரிசை துளை வெச்சிருக்கேன், சூடாக வாய்ப்பே இல்ல.

எனக்கு அதுல என்ன லாபம்னு கேட்கறீங்க. ஒண்ணும் இல்ல. ரெண்டு பேரும் சமாதானம் ஆயிட்டாங்களே, இப்பவாவது கடையில இருக்கிறதுல ஏதோ ஒண்ணை வாங்கிடலாம்னு சொன்னேன். ரெண்டு பேரும் ஒரே குரல்ல என்னைத் திட்டினாங்க. "நம்ம ஊர்க் கடைக்கே பெல்டினா வரப்போகுது, இப்ப போய் யாராவது பழசைத் தலையில கட்டிப்பாங்களா?" மேனேஜர் குடுத்த கெடுவுல அப்ப ஒரு மாசம்தான் பாக்கி.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன். பெல்டினான்னு எதுவும் இல்லங்க, அது குப்பைத்தொட்டி டிராயர், நானே வரைஞ்சதுன்னு சொன்னேன். அவரு சிரிச்சாரு. கோபமே படலை. "உனக்குக் கம்ப்யூட்டரைப் பத்தி என்னம்மா தெரியும், சும்மா இரு"ன்னு சொல்லிட்டு, தன் ஸ்க்ரூடிரைவரைத் துடைக்கப் போயிட்டாரு.

அப்பதான் சார் எனக்குக் கோபம் வந்துச்சு. ஒன்பது வருஷமா தினமும் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றவ நான். அவங்க ரெண்டு பேரும் அதுல சீட்டாட்டம் தவிர வேற எதுவும் ஆடினது கிடையாது. சத்தம் போடலை. பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டு வந்து, நிதானமா உட்கார்ந்து, விற்பனைத் தேதியை எழுதினேன். நேத்து காலை ஒன்பது மணி, கடைத்தெரு கம்ப்யூட்டர் கடை, முதல்ல வர்ற முப்பது பேருக்கு மட்டும். எழுத்து அழகா வரணும்னு மூணு தடவை மாத்திட்டு, படத்தோட சேர்த்துத் தெரு குரூப்ல போட்டேன்.

இருநூறு பேர் வருவாங்கன்னு எதிர்பார்க்கலை. நூத்தம்பதுதான் கணக்குப் போட்டிருந்தேன். கடைக்காரர், அப்படி ஒரு கம்ப்யூட்டரே கிடையாதுய்யா, நான் இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. பதுக்கிட்டான்னு யாரோ கத்தினாங்க. கத்தினது எங்க அண்ணன்னு நினைக்கிறேன். கடைக் கண்ணாடி உடைஞ்சுது. கடைக்காரர் ஷட்டரை இழுத்து விட்டுட்டு மத்தியானம் வரைக்கும் இருட்டுல உட்கார்ந்திருந்தாரு. நான் எதிர்ப் பக்கம் நின்னு பாத்துட்டிருந்தேன். வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா வந்தவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் என் வரைபடம் இருந்துச்சு சார். கம்பெனி தச்சனுங்ககூட என் படத்தை அப்படிக் கசங்காம மடிச்சு வெச்சுக்கிட்டது கிடையாது.

எழுதிக்கோங்க. செஞ்சது நான்தான். தூண்டிவிட்டவங்க யாரும் இல்ல. உங்க ஏட்டையா இப்ப என்கிட்ட கேட்டதையும் எழுதிக்கறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. தன் பொண்ணுக்கு இப்பவே கம்ப்யூட்டர் வாங்கிடலாமா, இல்ல கொஞ்சம் பொறுக்கலாமான்னு கேட்டாரு.

கடைக்காரர் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்காரு, தெரியும். வர்றப்போ பாத்தேன், நெத்தியில கட்டுப் போட்டிருக்காரு. அவர் சொல்லி அனுப்பினதை நீங்க ரெண்டு தடவை சொல்லிட்டீங்க. நான் அவர்கிட்ட ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டா புகாரைத் திரும்ப எடுத்துக்கிறாராம். சாதா கம்ப்யூட்டர், எதுவா இருந்தாலும் பரவாயில்லையாம். ஊரே பாக்க நான் ஒண்ணை எடுத்துட்டுப் போனா, மத்தவங்களும் தெளிஞ்சு வாங்க ஆரம்பிச்சுடுவாங்கங்கிறாரு. பெரிய மனசு. மேனேஜர் கெடுவும் இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கு. ஒரு கையெழுத்துல கேஸும் போயிடும், வேலையும் நிக்கும். நீங்க சொல்றது எனக்குப் புரியாம இல்ல.

அவர் கொண்டு வந்து வெச்சிருக்கிற மெஷினையும் பாத்தேன். நல்ல மெஷின்தான், குறை சொல்லக் கூடாது. வேகம் போதும், திரை பெருசு, என் சாஃப்ட்வேர் ஜம்முன்னு ஓடும்.

ஆனா மூடியில நாலு திருகாணி தெரியுது சார். பெல்டினாவைப் பாத்த கண்ணுக்கு அது ஒப்பலை. ரெண்டு மாசம் பொறுத்தா அதுவே வந்துடப் போகுது.