பச்சை முறை

எனக்குக் கெண்டை மீன் என்றால் உயிர், ஐயா. நல்ல காரியம் செய்யும் ஆசை அதிலிருந்துதான் வந்தது. பெரிய கொள்கை ஏதும் இல்லை.

பூதலூர் மருந்து ஆலையில் பரிசோதனைக் கூடத்துக்கு நான் தலைமை. மருந்தின் தரம் பார்க்க நாங்கள் பயன்படுத்திய கரைப்பான்கள் விஷம். வேலை முடிந்ததும் பின்பக்க வாய்க்காலில் கொட்டுவோம். மீன்கள் செத்து மிதந்தன. மனசு கேட்கவில்லை. எரிசாராயத்தையும் தண்ணீரையும் வைத்தே அதே பரிசோதனையைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்து, 'பச்சை முறை' என்று பெயரிட்டேன். கூடத்தில் எனக்குப் பச்சையப்பன் என்று பட்டம் கட்டினார்கள். கோபித்துக்கொள்வதுபோல் நடித்து உள்ளூர மகிழ்ந்தேன். ஜெர்மனியில் ஒரு மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. எங்கள் தெருவில் ஆளாளுக்கு விமானம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். நானும் கோட்டு தைத்துக்கொண்டேன்.

குறை ஒன்றுதான். மருந்து கெட்டால் அதில் ஒரு நஞ்சு உண்டாகும். பழைய முறையில், கருவி வரையும் கோட்டில் மருந்து ஒரு மேடாகவும் நஞ்சு இன்னொரு மேடாகவும் தெரியும். என் முறையில் இரண்டும் சேர்ந்து ஒரே மேடு. பார்க்க அழகாகவே இருக்கும்.

உடன் வேலை பார்த்த சுடர்விழிதான், "சார், கொழந்தைங்க காய்ச்சல் மருந்து இது. பழைய முறையில ஒரு தடவ போட்டுப் பாத்துரலாங்க" என்றாள்.

"வாய்க்கால நெனச்சுப் பாரும்மா" என்றேன். குரலில் கருணைகூட இருந்தது.

மருந்து குடவாசல் வரை போனது. அங்கே மெஹராஜ் பேகம் தன் குழந்தைக்கு வேளை தவறாமல் கொடுத்தாள். கணவர் ஜெக்கரியா துபாயிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் நேரே என் அறைக்கு வந்தார்.

"பச்சப் புள்ள சார் அது. நான் இன்னும் மொகத்தக்கூடப் பாக்கலைங்க."

'பச்சை' என்று காதில் விழுந்ததுமே என் முறையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, புன்னகையோடு எழுந்து நின்றேன். அப்புறம்தான் மீதி புரிந்தது. அவ்வளவு வெட்கம் என் வாழ்நாளில் பட்டதில்லை.

தெரியாமல் நடந்த பிழை என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். சுடர்விழி கேட்ட அன்றே, அவள் வீட்டுக்குப் போனபின் நானே பழைய முறையில் போட்டுப் பார்த்தேன். இரண்டு மேடும் தெளிவாக நின்றன. வெளியே சொன்னால் பச்சை முறை அன்றோடு சரி. அதனால் தாளைக் கிழித்துவிட்டு, மருந்து போகலாம் என்று கையெழுத்திட்டேன்.

அந்தக் குழந்தையைக் கொன்றது நான்தான், ஐயா. மறுக்கவில்லை. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மாநாடு அடுத்த மாதம்.